சொல்லில் தொடங்கும் மேசை

நுழையும்முன்

கடையில் வாங்கும் பொருள் கண்முன் நிற்கும், தொட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுவரலாம். தச்சரிடம் செய்யச் சொல்லும் பொருளோ, சொல்லும் வேளையில் எங்கும் இல்லை. இருவர் பேசும் பேச்சில் மட்டுமே இருக்கிறது. அப்பேச்சு தெளிவாக அமைந்தால் பொருள் பல்லாண்டு நிற்கும். குழம்பினால் பணமும் மரமும் நல்லுறவும் ஒருசேர வீணாகும். மரச்சாமான் செய்யச் சொல்வோர் அறிய வேண்டியவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஊரும் தேவையும்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டிப் பகுதியில் அமைந்துள்ள ஊர் புதுவாயல். வயல்களும் ஏரிகளும் நிறைந்திருந்த இவ்வட்டாரத்தில் இன்று தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை நோக்கிச் சரக்குந்துகள் இரவும் பகலும் விரைகின்றன. வேலைக்காகப் பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்தோர் இங்கே குடியேறியுள்ளனர். வீடு எழும்பும் இடத்தில் கதவும் சன்னலும் வேண்டும், கட்டில் வேண்டும், பிள்ளைகள் படிக்க மேசை வேண்டும். இந்நெடுஞ்சாலையிலேயே, புதுவாயலுக்கு அருகில், தச்சூர் என்றோர் ஊரும் உண்டு. அப்பெயரைக் கேட்டதும் தச்சுத்தொழில் நினைவுக்கு வருவது இயல்பே.

இவ்வட்டாரத்தில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை தொழிற்சாலைப் பணியாளர். மகள் பதினொன்றாம் வகுப்பு மாணவி. இதுவரை தரையில் அமர்ந்து படித்தவளுக்கு ஒரு மேசை செய்து தர வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். கடையில் துகள்பலகையால் ஆன மேசை குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் வீட்டின் சிறிய அறைக்கு அது பொருந்தவில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். ஒருமுறைதான் செலவிட முடியும். எனவே தச்சர் ஒருவரிடம் செய்யச் சொல்வது என முடிவு செய்கின்றனர்.

பட்டறைக்குச் சென்றதும், “தேக்கில் ஒரு மேசை, என்ன விலை ஆகும்?” என்று தந்தை கேட்கிறார். நல்ல தச்சர் அவ்வினாவிற்கு உடனே விடை சொல்வதில்லை. “விலையைப் பிறகு பார்க்கலாம் ஐயா. யார் உட்காரப் போகிறார்கள், எங்கே போடப் போகிறீர்கள், அதன்மேல் என்ன வைக்கப் போகிறீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்” என்பார். அந்த மூன்று வினாக்களில்தான் மேசை தொடங்குகிறது.

அளவே முதல்

ஆயத்தமாகச் செய்து விற்கும் பொருள் எல்லோருக்கும் பொதுவானது. செய்யச் சொல்லும் பொருள் ஒருவருக்கே உரியது. எனவே அதன் அளவு அவருடைய உடலிலிருந்து பிறக்க வேண்டும். பொதுவாக நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்திலும், எழுதும் மேசையின் மேற்பலகை 75 சென்டிமீட்டர் உயரத்திலும் அமையும். இரண்டிற்கும் இடைப்பட்ட உயரம் மிகுந்தால் தோள் உயர்ந்து வலிக்கும். குறைந்தால் முதுகு கூனும். உயரம் குறைந்தவருக்கும் கூடியவருக்கும் இவ்வளவு மாறும். ஆதலால் அமரப் போகும் மாணவியையே பட்டறைக்கு அழைத்துச் செல்வது நலம்.

அறையின் அளவும் தேவை. மேசையை வைக்கும் இடத்தின் நீள அகலத்தோடு, அது நுழைய வேண்டிய கதவின் அகலத்தையும் அளக்க வேண்டும். பட்டறையில் அழகாக நின்ற பொருள் வீட்டு வாயிலில் நுழையாமல் நிற்பது அரிய நிகழ்ச்சியன்று. வெளிச்சம் எப்பக்கம் வருகிறது, மின்இணைப்பு எங்கே உள்ளது என்பனவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். வலக்கையால் எழுதுவோருக்கு வெளிச்சம் இடப்புறமிருந்து வருதல் நன்று.

மாணவர் சென்டிமீட்டரில் அளப்பர். தச்சர் அடியிலும் அங்குலத்திலும் பேசுவர். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கைத் தொழிலாளர் ‘ஒரு நூல்’ என்பர். அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். இவ்விரு அளவைகளும் கலந்தால் பிழை நேரும். ஏதேனும் ஒன்றை முடிவு செய்து, எல்லா அளவுகளையும் அதிலேயே எழுதுதல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. ஓர் அங்குலத் தடிமனுக்கு அறுத்த பலகையை இழைப்புளியால் இருபுறமும் இழைத்தபின் அது ஓர் அங்குலம் இராது. ஒன்றிரண்டு நூல் குறையும். ‘ஓர் அங்குலப் பலகை’ என்று சொன்னவர் எதிர்பார்ப்பது முடிந்த அளவு. கேட்டவர் கருதுவது அறுத்த அளவு. எந்த அளவு என்பதை முன்னரே பேசிவிட்டால் இம்மனக்குறை எழாது.

மரத்தை அறிதல்

மரங்களைப் பற்றிய கூர்ந்த பார்வை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், வெளிப்புறத்தில் வயிரம் உடையவற்றைப் புல் என்றும், உட்புறத்தில் வயிரம் உடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. பனையும் தெங்கும் மூங்கிலும் முதல் வகை. தேக்கும் வேங்கையும் இரண்டாம் வகை. அந்த உள்வயிரமே இன்றும் மரச்சாமானின் உயிர். அதனைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதியில் மாவுச்சத்து எஞ்சியிருப்பதால் வண்டுகள் அதனை எளிதில் துளைக்கும். ‘தேக்கு’ என்று சொல்வதோடு நில்லாமல், ‘வெள்ளை இல்லாத வயிரப்பகுதி’ என்று சொல்வதே முழுமையான சொல்.

தேக்கில் இயற்கையாக அமைந்த எண்ணெய்ப்பசை கரையானையும் ஈரத்தையும் தாங்க உதவுகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘டீக்’ என்னும் சொல், தேக்கு என்னும் தென்னாட்டுச் சொல்லிலிருந்து போர்த்துகீசிய மொழி வழியாகச் சென்றது. இன்றைய கேரளத்தின் நிலம்பூரில் 1840-களிலேயே தேக்குத் தோட்டம் வளர்க்கத் தொடங்கினர். அத்தகைய தோட்டங்களில் ஒரு தேக்கு நன்கு முற்ற ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஆகும். அரை நூற்றாண்டு வளர்ந்த மரம் ஐந்தாண்டில் குப்பைக்குப் போகும் பொருளாகிவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் தேக்கே வேண்டும் என்பதில்லை. வேங்கையும் வாகையும் உறுதியானவை. நன்கு உலர்ந்த வேம்பும் பூவரசும் பலாவும் சிற்றூர் வீடுகளில் நெடுங்காலம் பயன்பட்டவை. தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்களைச் சுமந்து வரும் பெட்டிகளின் பைன் மரத்தையும் சிலர் சிறுபொருள்கள் செய்யப் பயன்படுத்துகின்றனர். நாடுவிட்டு நாடு வரும் அத்தகைய பெட்டிகளில் கோதுமைக் கதிர் வடிவ முத்திரை இருக்கும். அதில் ‘எச்.டி.’ என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வளியால் பூச்சி நீக்கப்பட்டது. அதனை வீட்டுப் பயன்பாட்டிற்குத் தவிர்ப்பது நல்லது.

ஒட்டுப்பலகையும் இழிந்ததன்று, அகன்ற பரப்புகளுக்கு அது ஏற்றது. ஆனால் மேலே தேக்கின் மெல்லிய தகடு ஒட்டிய பலகையை முழுத்தேக்கு என எண்ணிப் பணம் தருவது ஏமாற்றத்தில் முடியும். மேசையின் எந்தப் பகுதி எதனால் ஆகப்போகிறது என்பதைப் பகுதி பகுதியாகக் கேட்டறிய வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஈரம்

மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகிப்போவதையும், கோடையில் அதே கதவு எளிதாகச் சாத்துவதையும் யாவரும் கண்டிருப்பர். மரம் வெட்டுண்ட பின்னும் காற்றின் ஈரத்தை ஏற்பதும் விடுவதுமாக இருக்கிறது. கிழக்கே கடலும் பழவேற்காடு ஏரியும் அமைந்த இவ்வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழைக்கும் அக்கினி நட்சத்திர வெயிலுக்கும் இடையே மரம் விரிந்து சுருங்குகிறது.

மரத்தின் ஈர அளவை அதன் உலர்ந்த எடையோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவர். 1000 கிராம் எடையுள்ள மரத்துண்டை முற்றிலும் உலர்த்தியபின் 800 கிராம் இருந்தால், நீங்கிய நீர் 200 கிராம். ஈர அளவு 200-ஐ 800-ஆல் வகுத்து நூறால் பெருக்க 25 விழுக்காடு. ஈர அளவு ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு; அகலவாக்கிலேயே மிகுதி. 24 அங்குல அகலமுள்ள தேக்குப் பரப்பின் ஈர அளவு 4 விழுக்காடு மாறினால், அறுப்பின் திசைக்கேற்ப, அதன் அகலம் 4 அல்லது 5 மில்லிமீட்டர் வரை மாறலாம். அஃதாவது ஏறக்குறைய ஒன்றரை நூல். இறுகப் பூட்டிய பலகை வெடிப்பதற்கு அவ்வளவே போதும்.

எனவே செய்யச் சொல்பவர் கேட்க வேண்டிய முதன்மையான வினா, ‘என்ன மரம்?’ என்பதன்று, ‘எவ்வளவு காலம் உலர்ந்த மரம்?’ என்பதே. ஈரமானி என்னும் சிறு கருவியைக் கொண்டு இதனை அறியலாம். அறுத்த பலகைகளுக்கு இடையே குச்சிகளை வைத்து, காற்று புகும்படி நிழலில் அடுக்கியிருக்கும் பட்டறை நம்பத்தக்கது. அவ்வாறு உலரும் நாள்களுக்குத் தச்சரின் பணம் முடங்கிக் கிடக்கிறது என்பதையும் விலை பேசும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

இணைப்பின் வலிமை

மேசையின் ஆயுள் அதன் மூட்டுகளில் இருக்கிறது. குறுக்குச்சட்டத்தின் நுனியை நாக்குப்போல் செதுக்கி, காலில் உளியால் எடுத்த துளைக்குள் இறுகச் செலுத்தி இணைப்பது பழைய முறை. இம்மூட்டு ஆட்டத்தைத் தாங்கும். பழுதானாலும் பிரித்துச் சீர்செய்யலாம். ஆணியை மட்டும் நம்பிய மூட்டு நாளடைவில் தளரும். மேற்பலகையைச் சட்டத்தோடு அசையாதபடி ஒட்டிவிடாமல், நீள்துளைகளின் வழியே திருகாணியிட்டால் பலகை விரிந்து சுருங்க இடம் கிடைக்கும்.

வார்னிஷ் பூசியபின் எல்லா மேசைகளும் அழகாகவே தோன்றும். வெடிப்பை அடைத்த மாவும், வெள்ளைப்பகுதியை மறைத்த சாயமும் அதன்பின் புலப்படா. ஆகவே மெருகு பூசும் முன் ஒருமுறை வந்து பார்ப்பதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவைக்க வேண்டும். திறமையான தச்சர் இதனை வரவேற்பார். ஏனெனில் தம் உழைப்பின் நேர்மையைக் காட்ட அவருக்குக் கிடைக்கும் ஒரே வேளை அதுவே.

கன அடிக் கணக்கு

அறுத்த மரம் கன அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. அகலத்தையும் தடிமனையும் அங்குலத்திலும், நீளத்தை அடியிலும் கொண்டு மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். 4 அடி நீளமும் 2 அடி அகலமும் இரண்டரை அடி உயரமும் உள்ள மேசையின் கணக்கைக் காண்போம்.

மேற்பலகை: 24 × 1 × 4 ÷ 144 = 0.67 கன அடி.
3 அங்குலச் சதுரக் கால்கள் நான்கு: 3 × 3 × 2.5 × 4 ÷ 144 = 0.63 கன அடி.
4 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன் உள்ள சட்டங்கள் மொத்தம் 10 அடி: 4 × 1 × 10 ÷ 144 = 0.28 கன அடி.

கூடுதல் 1.58 கன அடி. அறுப்பிலும் இழைப்பிலும் கழிவதற்குக் கால் பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 2 கன அடி. இக்கணக்கை அறிந்தவர், கழிவுக்காகச் சேர்க்கும் அளவைக் கண்டு ஐயுறார். அளவுக்கு மீறிய கணக்கையும் ஏற்கார். மரத்தின் விலை, கூலி, கீல் பூட்டு முதலிய இரும்புச் சாமான்கள், மெருகு, ஏற்றிவரும் செலவு ஆகிய ஐந்தையும் தனித்தனியே கேட்டால், எதைக் குறைத்தால் எது குறையும் என்பதும் விளங்கும்.

தெரிந்து தெளிவோம்

உருட்டு மரத்தை அளக்க, அதன் சுற்றளவில் நாலில் ஒரு பங்கின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்குவர். இம்முறைக்கான அட்டவணைகளை இங்கிலாந்தின் எட்வர்டு ஹாப்பஸ் 1736-இல் வெளியிட்டார். 4 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள மரம் இக்கணக்கில் 10 கன அடி. அதன் உண்மையான கன அளவோ ஏறத்தாழ 12.7 கன அடி. உருட்டு மரத்தைச் சதுரமாக்கும்போது கழியும் பகுதிக்கு இவ்வேறுபாடு ஈடாக அமைகிறது.

காலமும் ஒரு பொருளே

ஔவையார் அதியமானின் வீரத்தைப் பகைவர்க்கு உரைக்கும் புறநானூற்றின் 87-ஆம் பாடலில் ஒரு தச்சர் இடம்பெறுகிறார். ஒரே நாளில் எட்டுத் தேர்கள் செய்ய வல்ல தச்சர், ஒரு திங்கள் முழுதும் கருதிச் செய்த ஒற்றைத் தேர்ச்சக்கரத்தைப் போன்றவன் அதியமான் என்பது அப்பாடலின் கருத்து. விரைந்து செய்யும் ஆற்றலைவிட, ஆற்றலுடைய ஒருவர் விரும்பி எடுத்துக்கொள்ளும் காலம் மதிப்புமிக்கது என்னும் உண்மை அதில் பொதிந்துள்ளது.

‘அடுத்த வாரமே வேண்டும்’ என்று நெருக்குபவர், உலராத மரத்தையும் காயாத பசையையும் தாமே கேட்டு வாங்குகிறார். அதேவேளையில், காலத்தை மதிப்பது என்பது தவணை தவறுவதை ஏற்பதாகாது. முன்பணம் பெற்றுக்கொண்டு, ‘நாளை, மறுநாள்’ என்று அலைக்கழிப்பதால் வாடிக்கையாளர் வருந்துகிறார். தொழிலின் நற்பெயரும் கெடுகிறது. மரம் தேர்வு செய்யும் நாள், மூட்டிய பொருளைப் பார்க்கும் நாள், வீட்டில் சேர்க்கும் நாள் ஆகிய மூன்றையும் முன்னரே குறித்துக்கொண்டால் இருவர்க்கும் அமைதி உண்டாகும். பணத்தையும் அம்மூன்று நிலைகளுக்கேற்பப் பகுத்துத் தரலாம்.

தாளில் ஒரு படம்

பேசியவை அனைத்தும் ஒரு தாளில் இடம்பெற வேண்டும். முன்தோற்றம், பக்கத்தோற்றம் என எளிய இரு கோட்டுப்படங்கள் போதும். அளவுகள், மரத்தின் பெயர், மூட்டும் முறை, மெருகின் வகை, மொத்தத் தொகை, முன்பணம், நாள் ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும். இது நம்பிக்கையின்மையைக் காட்டுவதன்று. நினைவு பிழைக்கக்கூடியது என்பதை இருவரும் ஒப்புக்கொள்வது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருளில் குறை நேர்ந்தாலும் பணியில் குறை நேர்ந்தாலும் முறையிட வழி செய்கிறது. அதற்கும் இத்தாளும் பணம் செலுத்திய சீட்டுமே சான்றாகும்.

அந்தத் தாள் தச்சரையும் காக்கிறது. வேலை பாதியில் இருக்கும்போது, ‘ஓர் இழுப்பறை கூடுதலாக வேண்டும், நீளத்தை அரையடி கூட்டுங்கள்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அறுத்த பலகை மீண்டும் நீளாது. மாற்றம் வேண்டுவோர் அதற்கான மரத்தையும் கூலியையும் நாளையும் ஏற்க வேண்டும். முடித்த பொருளை எடுக்க வராமலும், மீதிப்பணத்தைத் தராமலும் காலந்தாழ்த்துவோரால் பட்டறைகள் நலிகின்றன. ஒருவருக்கென்று அளவெடுத்துச் செய்த மேசையை வேறொருவருக்கு விற்பது எளிதன்று.

தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், சிறுவர் இழுத்து விளையாடும் சிறுதேர் ஒன்று காட்டப்படுகிறது. தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் விரும்பும்படி அது செய்யப்பட்டிருந்ததாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் குறிப்பிடுகிறார். மரத்தின் நன்மை தீமைகளை நாள்தோறும் பார்த்து வளரும் பிள்ளைகளே விரும்பினர் என்றால், அவ்வேலையின் தரத்திற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அத்தொண்டை நாட்டின் ஒரு பகுதியான புதுவாயல் வட்டாரத்தில், ஒரு மாணவிக்கான மேசை இன்று பட்டறையிலிருந்து வீடு வந்து சேர்கிறது. வடகிழக்குப் பருவமழையில் அதன் இழுப்பறை சற்றே இறுகும். தை பிறந்ததும் தளரும். அவள் படிப்பை முடித்தபின் தம்பியோ தங்கையோ அதில் அமர்ந்து எழுதுவர். என்றேனும் ஒரு கால் ஆட்டங்கண்டால், அதே தச்சரை அழைத்துச் சீர்செய்யலாம். தெளிவாகக் கேட்கத் தெரிந்தவரும் நேர்மையாகச் செய்யத் தெரிந்தவரும் ஒருவரையொருவர் மதிக்கும்வரை, தச்சுத்தொழிலும் வாழும், மரமும் வீணாகாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள மேசை அல்லது நாற்காலியின் நீள, அகல, உயரங்களை அளந்து, அதற்குத் தேவைப்பட்ட மரத்தைக் கன அடியில் கணக்கிடுக.
2. உங்கள் ஊரில் உள்ள தச்சுப் பட்டறை ஒன்றிற்குச் சென்று, அங்கு வழங்கும் கருவிப்பெயர்களையும் தொழிற்சொற்களையும் கேட்டறிந்து, பொருள் விளக்கத்துடன் தொகுக்க.
3. புத்தக அலமாரி ஒன்று செய்யச் சொல்வதற்கான உடன்படிக்கைத் தாளைக் கோட்டுப்படத்துடன் உருவாக்குக.
4. ‘ஆயத்தப் பொருளா, அளவெடுத்துச் செய்த பொருளா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.